முட்டைக் கணக்கும் தேசப் பாதுகாப்பும்

தான் ஒரு தேசத்துரோகி என்ற செய்தி தரகருக்குச் சலூன் நாற்காலியில் வைத்துத்தான் தெரியவந்தது. ஒரு கன்னம் சவரமாகி, மறு கன்னம் நுரையோடு இருந்த நேரம். பக்கத்து நாற்காலிக்காரர் விரித்துப் பிடித்திருந்த பேப்பரில் கொட்டை எழுத்தில், ‘விமானப்படைத் தளத்தைச் சுற்றி மர்ம நில வேட்டை! வாங்குவது யார்? பின்னால் எந்த நாடு?’ என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ‘உள்ளூர்த் தரகர்கள் உடந்தையா?’ என்று ஒரு கேள்வி. அந்தப் பக்கத்தில் நிலத் தரகு செய்பவர் இவர் ஒருவர்தான். மரியாதைக்காகப் பன்மையில் போட்டிருந்தார்கள் போல.

மனுஷன் பொய்யே சொல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன், தரகர் ஆயிற்றே. தண்ணீர் இல்லாத நிலத்தைக் ‘கிணறு வெட்டத் தோதான இடம்’ என்பார். ரோடு இல்லாத மனையை ‘சத்தமே இல்லாத இடம்’ என்பார். அதெல்லாம் தொழில். ஆனால் தேசத்தை விற்கும் துணிச்சல் அவருக்குக் கிடையாது. அவ்வளவு பெரிய சொத்தை வாங்க அவர் கையில் பார்ட்டியும் கிடையாது.

நடந்தது இதுதான். போன மழைக்காலத்தில் ஒருவர் வந்தார். வானம் இருட்டிக்கொண்டு கிடக்கிறது, ஆசாமி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. டீக்கடை பெஞ்சில் தரகருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, “திரும்பிப் பாக்காதீங்க. நான் வந்ததே உங்களுக்குத் தெரியக் கூடாது” என்றார். தளத்து வேலியை ஒட்டிய நிலம் எல்லாம் வேண்டும், ஒரு துண்டு விடாமல். வாங்குபவர் யார் என்று கேட்கக் கூடாது. தரகரும் கேட்கவில்லை. கேட்டால் பார்ட்டி நழுவிவிடும் என்ற பயம், வேறென்ன.

விற்கிறவர்கள் கேட்காமல் விடுவார்களா? தச்சரிடம் ‘நாற்றுப் பண்ணை வரப்போகுது’ என்றார். ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் ‘முதியோர் இல்லம்’ என்றார். லாரிக்காரரிடம் ‘பழச்சாறு கம்பெனி’ என்றார். ஆளுக்கொரு கதை அளந்துவிட்டு, வேலியைச் சுற்றி நிலம் ஒவ்வொன்றாகக் கை மாற்றிக் கொடுத்தார். மிச்சம் நின்றது ஒரே ஒரு துண்டு. அது அவருடைய சொந்த அக்காவின் கோழிப்பண்ணை.

மாமா இறந்த பிறகு அக்கா அந்தப் பண்ணையைத் தனியாளாக நடத்திக்கொண்டிருந்தாள். தளத்துச் சமையற்கூடத்துக்கு முட்டை போடுவது அவள்தான். “கோழிங்கள எங்கடா கொண்டு போவேன், உன் வீட்டு மொட்டை மாடிக்கா?” என்று சிரித்துத் தட்டிக் கழித்துவிட்டாள். கடைசித் துண்டும் வந்தால்தான் தரகு முழுசாகக் கிடைக்கும் என்று கறுப்புக் கண்ணாடி கறாராகச் சொல்லியிருந்தார். அந்த எரிச்சல் தரகருக்கு உள்ளே இருந்தது. இதை நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு அவர் புரண்டு புரண்டு படுத்ததெல்லாம் இதை நினைத்துத்தான்.

அரைச் சவரத்தோடு வீட்டுக்கு ஓடிவந்தவரைப் பார்த்து மனைவி வாயடைத்துப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் வாய் திறந்துகொண்டது.

“யாருக்கு வாங்குறாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலையா நீங்க? கால் கிலோ கத்தரிக்கா வாங்கினாக்கூட எங்க விளைஞ்சதுன்னு குடைஞ்சு குடைஞ்சு கேப்பீங்களே!”

“கேக்கக் கூடாதுன்னு சொன்னாரும்மா.”

“நல்ல கதையா இருக்கே! முதல்ல அந்தக் கன்னத்தையும் மழிச்சுட்டு நீங்களே போயி ஒப்புக்கோங்க. அவங்களா வந்து கூட்டிட்டுப் போனாங்கன்னா தெருவே கூடி நின்னு வேடிக்கை பாக்கும்.”

ஒப்புக்கொள்வது என்று முடிவானதும் தரகருக்குப் பாதி பாரம் இறங்கியது. மீதியையும் இறக்கி வைக்க, நிலப் பாதுகாப்பு ரகசிய அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார். அது எங்கே இருக்கிறது என்பது பரம ரகசியம். கண்டக்டர், “ரகசிய ஆபீஸ் எல்லாம் எறங்கு!” என்று குரல் கொடுத்தார். இறங்கினார்.

வாசலில் ‘பல் மருத்துவமனை’ என்று போர்டு தொங்கியது. எதிரியை ஏமாற்றுவதற்காகப் போட்டது. எதிரி ஏமாந்தானோ இல்லையோ, பல்வலிக்காரர்கள் ஏமாந்து வரிசை கட்டிவிட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பினால் குட்டு உடைந்துவிடுமே என்று ஒரு நிஜப் பல் டாக்டரையே வேலைக்கு வைக்க வேண்டியதாயிற்று. அந்தக் கட்டடத்தில் வேலை என்று ஒன்றைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

“எந்தப் பல்லு?” என்றார் டாக்டர்.

“பல்லெல்லாம் நல்லா இருக்கு சார். நான் தேசத்துரோக விஷயமா வந்தேன்.”

“அது உள் ரூம். ஆனா திரும்பிப் போறப்ப ஒரு பல்லக் குடுத்துட்டுத்தான் போகணும். உள்ள வந்தவங்க எல்லாம் முழுப் பல்லோட வெளிய போனா சந்தேகம் வந்துடும் பாருங்க. எதுன்னு யோசிச்சு வைங்க.”

உள் அறையில் ‘கண்டுபிடிக்கும் பிரிவு’ அதிகாரி உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் பெரிய வரைபடம். அதில் தளத்தைச் சுற்றி ஒரே சிவப்பு. நடுவில் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை. தரகர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஐயா, அந்த நிலத்தை எல்லாம் முடிச்சுக் குடுத்தது நான்தான். வாங்குறது யாருன்னு கேக்கல. கேட்டிருக்கணும். என்ன தண்டனைன்னாலும் குடுங்க.”

அதிகாரி முகம் சுளித்தார். “இப்படிச் சொந்தமா வந்து ஒப்புக்கிட்டா நாங்க எதைக் கண்டுபிடிக்கிறது? எங்க பிரிவுக்குப் பேரே கண்டுபிடிக்கிற பிரிவு. சரி, வந்துட்டீங்க. வாங்கின ஆளு எப்படி இருப்பாரு?”

தரகர் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. கையில் காலி டம்ளரோடு ஒருவர் உள்ளே வந்தார். கறுப்புக் கண்ணாடி. “மாடியில சர்க்கரை தீர்ந்துபோச்சு, கொஞ்சம் இருக்குமா?” என்றார்.

“ஐயா! இவருதாங்க! இவரேதான்!” என்று கத்திவிட்டார் தரகர்.

“யாரு?” என்றார் அதிகாரி.

“இதோ நிக்கிறாரே!”

“இங்க யாரும் நிக்கல.”

“ஆமா, நான் இங்க இல்ல” என்றார் கறுப்புக் கண்ணாடி. சர்க்கரையை வாங்கிக்கொண்டு படியேறிப் போனார்.

அதிகாரி எழுந்து கதவைத் தாழிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பாடம் நடத்துகிற மாதிரி ஆரம்பித்தார்.

“கவனமாக் கேளுங்க தரகரே. எதிரி வாங்குறதுக்கு முன்னாடி நாமளே ரகசியமா வாங்கிடணும். அது மாடியில இருக்கிற பிரிவோட வேலை. யாராவது ரகசியமா வாங்கினா கண்டுபிடிக்கணும். அது எங்க வேலை. அவங்க யாருக்கு வாங்குறாங்கன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க, ஏன்னா ரகசியம். நாங்க யாரைத் தேடுறோம்னு அவங்களுக்குச் சொல்ல மாட்டோம், ஏன்னா அதுவும் ரகசியம். நாங்க கண்டுபிடிக்கலேன்னா அவங்க நல்லா மறைச்சதுக்கு அவங்களுக்குப் பதக்கம். கண்டுபிடிச்சா எங்களுக்குப் பதக்கம். எப்படியும் நாட்டுக்கு ஒரு பதக்கம் வந்துடும்.”

“அப்போ… நிலம் நம்ம சர்க்காருகிட்டதான் இருக்குதுங்களா? எதிரி யாரும் வாங்கலையா?” தரகருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. “நான் துரோகி இல்லீங்களா?”

“அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சா கேஸை மூடணும். மூடினா ஏன் மூடினேன்னு எழுதணும். எழுதினா ரகசியம் போச்சு. பேப்பர்ல வேற வந்துடுச்சு, மந்திரி கேக்குறாரு. அதனால ஒரு சந்தேக ஆசாமி கட்டாயம் வேணும். அவரு நம்ம ஆளா இருக்கக் கூடாது. நம்மகிட்ட வித்தவங்களாவும் இருக்கக் கூடாது, அவங்க எல்லாம் தேசபக்தர்கள்.” விரல் வரைபடத்தில் நகர்ந்து அந்த வெள்ளையின் மேல் நின்றது. “இது யாருது?”

தரகர் குனிந்து பார்த்தார். “எங்க அக்காவோடதுங்க.”

“எல்லாரும் வித்துட்டாங்க. உங்க அக்கா மட்டும் ஏன் விக்கல? தளத்துப் பக்கத்துலயே இருக்கணும்னு அப்படி என்ன ஆசை?”

“ஐயோ, அவ தங்கமானவங்க! தளத்துக்கே முட்டை போடுறது அவதான். கேட்டுப் பாருங்க, சமையற்கூடத்துல அவ்வளவு மரியாதை. புதுசா ஆளுங்க வந்து எறங்கப் போறாங்கன்னா ரெண்டு நாள் முன்னாடியே கூடுதல் தட்டு முட்டை வேணும்னு அவகிட்டதான் சொல்லுவாங்க. உள்ள எத்தனை பேரு இருக்காங்கன்னு முட்டைய வச்சே கணக்குச் சொல்லிடுவா!”

சொல்லி முடித்த பிறகுதான் அறையில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. அதிகாரி பேனாவைத் திறந்திருந்தார்.

அந்தப் பேச்சு அக்காவைக் காப்பாற்ற வாயில் வந்ததா, விற்க மறுத்த எரிச்சல் வாய் வழியாக வந்ததா என்று தரகருக்கு அன்றும் தெரியவில்லை, என்றும் தெரியவில்லை. கடைவாயில் ஒரு நல்ல பல்லைக் கொடுத்துவிட்டு, பஞ்சைக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். “என்ன சொன்னாங்க?” என்று மனைவி கேட்டதற்கு, “நான் துரோகி இல்லையாம்” என்றார். அவள் நிம்மதியாகக் காபி போட உள்ளே போனாள்.

அடுத்த வாரமே பண்ணைக்கு ஆட்கள் வந்து இறங்கினார்கள். அக்கா சொல்லியனுப்ப, தரகரும் போய் நின்றார். அங்கே கண்டுபிடிக்கும் அதிகாரி, கோழிகள் நிற்கும் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, தொலைநோக்கி வழியாக வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோழி நிக்கிற இடத்துலேர்ந்து ஓடுபாதை பளிச்சுனு தெரியுது” என்று உதவியாளரை எழுதச் சொன்னார்.

அப்போது பார்த்து, நேரங்கெட்ட நேரத்தில் சேவல் கூவித் தொலைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு விமானம் கிளம்பியது. அதிகாரி துள்ளி எழுந்தார்.

“விமானம் கெளம்பப் போறது இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“அது பாட்டுக்குக் கூவுதுய்யா. விடிஞ்சா கூவும், பசிச்சா கூவும்” என்றாள் அக்கா.

“விடியறது எல்லாருக்கும்தான் தெரியுது. நாங்க கூவுறோமா?”

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தார். சேவலைக் கூண்டில் போட்டு விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். இருட்டறையில் வைத்து விசாரித்ததில் அது வாயே திறக்கவில்லையாம். ‘நன்கு பயிற்சி பெற்றது’ என்று குறிப்பு எழுதினார்கள்.

பிறகு கோழிகள் தளத்தைப் பார்க்காதபடி பண்ணையைச் சுற்றித் தகரச் சுவர் எழுப்பினார்கள். ஒரு தகரத்தைத் தரகரே பிடித்துக் கொடுத்தார். சும்மா நிற்க உடம்பு கூசியது. சுவர் எழும்பிய சில நாளில் மாடிப் பிரிவிலிருந்து வேறொரு கூட்டம் வந்தது. “எதை மறைக்கிறதுக்கு இவ்வளவு உயரத்துக்குத் தகரம் அடிச்சிருக்கீங்க?” என்று கேட்டது.

“உங்க ஆளுங்கதானய்யா அடிச்சுட்டுப் போனாங்க!” என்றாள் அக்கா.

“எங்க ஆளுங்க என்ன செஞ்சாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

முட்டைக் கணக்கை வைத்து எதிரி ஆள் கணக்குப் போட்டுவிடக் கூடாது என்று தளத்திலும் ஏற்பாடு செய்தார்கள். ஒரு நாள் ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். மறுநாள் மூன்றே மூன்று கேட்டார்கள். அந்த மூன்று முட்டைக்காகச் சமையற்கூடத்தில் பெரிய கைகலப்பாகி நாலு பேருக்கு மண்டை உடைந்ததாகச் சேதி வந்தது. எதிரி அதுவரை அந்தத் தளத்துக்கு அவ்வளவு சேதம் செய்ததில்லை.

அக்கா முதலில் சிரித்தாள். போகப் போக அவளுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. “எவனோ போட்டுக் குடுத்திருக்கான்டா. நான் உண்டு, என் கோழி உண்டுன்னு இருந்தேன். எனக்குப் போயி யாருடா எதிரி?” என்றாள். தரகர் கோழித் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதுபோல் குனிந்துகொண்டார். தொட்டி ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தார். ஒவ்வொரு முறையும், இன்னும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லையே, விசாரணையோடு முடிந்துவிடும் என்று தனக்குத் தானே பூசி மெழுகிக்கொண்டார்.

விசாரணையோடு முடியவில்லை. ரகசிய அலுவலகத்தின் மூவர் குழுவிலிருந்து இருவருக்கும் அழைப்பு வந்தது. ஆனால் அக்காவை உள்ளே விடவில்லை. அவள் மேல் உள்ள புகார் ரகசியம். அது அவள் காதில் விழக் கூடாது. வெளியே பல்வலிக்காரர்களின் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். “நீ உள்ள போயி எனக்காகப் பேசுடா. உனக்குத்தான் பேச்சு வருமே” என்று தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்து அனுப்பினாள்.

குழுவில் ஒருவர் தலைவர். இன்னொருவர் தலைவர் சொல்வதற்குத் தலையாட்டுபவர். மூன்றாமவர் யார் என்று மற்ற இருவருக்குமே தெரியாது. கேட்டால் ரகசிய விதி மீறல் ஆகிவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

தலைவர் கனிவாகத்தான் பேசினார். “நாங்க யாரையும் கட்டாயப்படுத்துறதே இல்ல தரகரே. அதுதான் நமக்கும் எதிரிக்கும் உள்ள வித்தியாசம். உங்க அக்காவுக்குத் தளத்து ஆள் கணக்குத் தெரியும்னு நீங்க சொன்னீங்க. அது உண்மைன்னா, ரகசியம் காக்கிற தகுதி இல்லாதவங்கன்னு சொல்லி அவங்கள அங்கேர்ந்து வெளியேத்தணும். பொய்ன்னா, தேசப் பாதுகாப்புல பொய்த் தகவல் குடுத்ததுக்கு நீங்க உள்ள போகணும். கூடவே, நீங்க முடிச்சுக் குடுத்த நிலமெல்லாம் யாருக்குப் போச்சுன்னு மறுபடி முதல்லேர்ந்து விசாரிக்கணும். வாங்கினது நாங்கதான்னு உங்களுக்காக நாங்க வந்து சாட்சி சொல்ல முடியாது பாருங்க. எது வேணும்னு நீங்களே சுதந்திரமா முடிவு பண்ணுங்க.”

இன்னொருவர் தலையாட்டினார்.

தரகர் முடிவு செய்ய அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் கொடுமை. மனைவி முகம் கண்முன் வந்தது. பேப்பரில் தன் படம் வருவது போலத் தோன்றியது. அக்காவுக்கென்ன, நம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ராணி மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்று மனசு ஒரு வழி சொன்னது. இப்படி வழி சொல்வதில் மனசும் நல்ல தரகர்தான்.

“உண்மைதாங்க” என்றார்.

“தகுதி?”

“இல்லீங்க.”

உடனே ஒரு பதக்கத்தை எடுத்து அவர் சட்டையில் குத்தினார்கள். மூன்றாமவர் கை தட்டினார். குத்தின கையோடு கழற்றி எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். பதக்கம் வாங்கியது ரகசியம். வெளியே போகும் வழியில் டாக்டர் காத்திருந்தார். இந்த முறை பிடுங்கிய பல்லுக்கு வேர் ஆழம். தரகர் போட்ட கூச்சல் கட்டடத்தையே உலுக்கியது.

வெளியே வந்தபோது அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து ஓடிவந்தாள். தம்பியின் வாயில் பஞ்சு, உதட்டோரம் ரத்தம்.

“அடப்பாவி, அடிச்சாங்களாடா?” அவள் கண் கலங்கிவிட்டது. “நீ உள்ள கத்தினது இங்க வரைக்கும் கேட்டுச்சுடா. எனக்காக அவ்வளவு சண்டை போட்டியா?”

தரகர் இல்லை என்று தலையாட்டினார். அடக்கம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பஞ்சை எடுத்தால் பேசலாம். அவர் எடுக்கவில்லை.

பண்ணையைக் காலி செய்யும் நாளில் லாரி வந்தது. கோழிகளை யாரோ ஒரு வியாபாரி ஏற்றிக்கொண்டு போனார். லாரி திரும்பி மறையும் வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விளக்குமாற்றை எடுத்துக் காலிக் கொட்டகையைக் கூட்ட ஆரம்பித்தாள். “விடுக்கா, இடிக்கப் போற கொட்டகைதான” என்றார் தரகர். “அதுக்காக? அழுக்கா விட்டுட்டுப் போனா வர்றவங்க என்னை என்ன நினைப்பாங்க?” என்றாள். மூலை முடுக்கெல்லாம் கூட்டி, இறகையெல்லாம் அள்ளிக் குழியில் போட்டு மூடிவிட்டுத்தான் வந்தாள். கறுப்புக் கண்ணாடி சாவியை வாங்கிக்கொண்டார். அவர் அங்கே இல்லை என்பதால் அக்கா அவரிடம் எதுவும் கேட்க முடியவில்லை.

தரகர் வீட்டில் அக்காவுக்கு ஓர் அறை கிடைத்தது. தரகு முழுசாகக் கைக்கு வந்தது. அதை அவரால் தொட முடியவில்லை. மனைவி நாத்தனாரை நன்றாகத்தான் கவனித்துக்கொண்டாள். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அக்கா விடியுமுன் எழுந்து, செய்ய ஒன்றும் இல்லாமல், சமையலறையில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருப்பாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “என் தம்பி எனக்காகப் பல்லை உடைச்சுக்கிட்டான்” என்று சொல்வாள். தரகர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அதோடு நின்றிருந்தால் அவர் வாயைத் திறந்தே இருக்க மாட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் போட்டுக் கொடுத்தது யார் என்று அக்கா யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மூன்றாவது தெருவில் இருக்கும் தையல்காரம்மாதான் அது. அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி. தளத்துக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவர், உள்ளே போய் வருபவர். முட்டைக் கணக்கு சமாசாரம் அவருக்கும் தெரியும். “நீ முட்டைய எண்ணுற, நான் சட்டைய எண்ணுறேன்” என்று இரண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். “அவதான்டா. வேற யாருக்குத் தெரியும்?” என்றாள் அக்கா.

தையல்காரம்மா புதுத் தலையணை உறை இரண்டு தைத்து எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார். அக்கா வாசலிலேயே நிறுத்தினாள். “நீ தைச்ச உறையில தலை வச்சா எனக்குத் தூக்கம் வராது” என்று சொல்லி, முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். ஜன்னல் வழியாகத் தரகர் பார்த்தார். அந்த அம்மா கொஞ்ச நேரம் உறையைப் பிடித்தபடி நின்றுவிட்டு, ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனார்.

அந்த வாரம் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. தளத்தில் தங்கியிருக்கும் இத்தனை வீரர்களுக்கு, அடுத்த மாதம் வந்து சேரவிருக்கும் இத்தனை வீரர்களுக்கு, தினசரி முட்டை வழங்க ஒப்பந்தக்காரர்கள் தேவை. எண்ணிக்கை சுத்தமாக, தடித்த எழுத்தில் இருந்தது. தரகர் பேப்பரோடு பஸ் ஏறி ஓடினார்.

“ஐயா, இதைப் பாருங்க! எங்க அக்காவுக்குத் தெரிஞ்சது இப்போ ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இனிமே அவ மேல என்ன தப்பு? நான் சொன்னதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கிறேன். என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க, பரவாயில்ல. அவ நிலத்தைத் திருப்பிக் குடுங்க.”

கண்டுபிடிக்கும் அதிகாரி விளம்பரத்தைப் பெருமையோடு படித்தார். “இது வெளிப்படைத்தன்மை. சர்க்காரே வெளியிட்டா அது தகவல். உங்க அக்கா மனசுக்குள்ளயே வச்சிருந்தாங்க பாருங்க, அதுதான் ரகசியம். ரகசியமா வச்சிருக்கிறவங்களத்தான நாங்க பிடிக்கணும்?”

“நான் சொன்னது தப்புன்னு ஒப்புக்கிறேனேய்யா!”

“நீங்க ஒண்ணும் சொல்லவே இல்லையே. நீங்க சொன்னதா எங்கயும் வெளிய வராது. கடைசி வரைக்கும் உங்களைக் காப்பாத்துவோம், பயப்படாதீங்க.” எழுந்து கை கொடுத்தார். “டாக்டரைப் பாத்துட்டுப் போங்க.”

வீட்டுக்கு வந்தபோது அக்கா கூடத்தில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். தரகர் சட்டையைக்கூடக் கழற்றாமல் எதிரில் தரையில் உட்கார்ந்தார். வாயிலிருந்த பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“அக்கா, தையலக்கா சொல்லல. நான்தான் சொன்னேன்.”

“என்னடா உளறுற?”

“முட்டைக் கணக்கு உனக்குத் தெரியும்னு நான்தான் சொன்னேன். முதல் நாளே. அப்புறம் குழுவுல கேட்டப்பவும் ஆமான்னு சொன்னேன். நான் கத்தினது பல்லப் பிடுங்கினதுக்கு. உனக்காக ஒரு வார்த்தை பேசலக்கா நான்.”

அக்காவின் கை பயறுக்குள்ளேயே நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தார். கன்னத்தில் இரண்டு அறை விட்டால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அப்போ அவ இல்லையா?”

“இல்லக்கா.”

“ஐயோ, அவ முகத்துல அடிச்ச மாதிரிக் கதவைச் சாத்தினேனேடா!”

முறத்தைக் கீழே வைத்தாள். செருப்பு மாட்டினாளோ இல்லையோ, விறுவிறுவென்று தெருவில் இறங்கி நடந்தாள். தம்பி தன் தப்பை மாதக்கணக்கில் வாய்க்குள் வைத்திருந்தார்; அவள் தன் தப்பை அந்தக் கணமே போய்ச் சொல்லிவிட்டாள். திரும்பி வரவில்லை.

சாயங்காலம் தையல்காரம்மா வந்தார். முகத்தில் அழுத தடம் இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தார். “உங்க அக்கா இனிமே என்கூட இருக்கப் போறாளாம். பட்டனுக்குக் காஜா எடுக்க ஆள் இல்லாம நானும் திண்டாடிட்டுதான இருக்கேன். அவ பெட்டிய எடுத்துட்டுப் போக வந்தேன்” என்றார்.

தரகரின் மனைவி பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு கைப்பிடியைத் தையல்காரம்மா பிடித்தார், இன்னொன்றைத் தரகர் பிடித்தார். வாசல்படி இறங்கும்போது அந்த அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஏன் தம்பி, போட்டுக் குடுத்தது யாருன்னு இப்போ தெரிஞ்சுபோச்சாமே. எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டேன், பேரைச் சொல்ல மாட்டேங்குறா. ‘தெரியும், ஆனா அதை என்கிட்ட கேக்காத’ன்னு ஒரே பிடிவாதம். அவகிட்டேர்ந்து ஒரு விஷயத்தை வாங்க முடியுமா! உங்ககிட்டயாவது சொன்னாளா? யாரு அந்தப் பாவி?”

“நான்தான்” என்றார் தரகர்.

தையல்காரம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். விறுவிறுவென்று முன்னால் நடந்தார்.

மூன்று தெருவுக்கும் அந்தப் பெட்டியைத் தரகர் தனியாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்.